பியானோ ட்ரையோ கேட்பது எப்படி? செல்லோவைக் கவனியுங்கள்

"நீங்கள் ஏன் ஒரு ட்ரையோகூட எழுதவில்லை?" என்று 1880-ல் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியிடம் கடிதத்தில் கேட்டார் நதேஷ்தா ஃபான் மெக். ரயில்வேயில் பெரும்பணம் சேர்த்த குடும்பத்தின் விதவை அவர். சாய்கோவ்ஸ்கி கவலையில்லாமல் இசை எழுதட்டும் என்று ஆண்டுக்கு 6,000 ரூபிள் அனுப்பிவந்த புரவலர். அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்த ஆண்டு அவர் தம் வீட்டிலேயே மூன்று இளைஞர்களைச் சம்பளத்துக்கு வைத்து ட்ரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். பியானோ வாசித்த 18 வயதுப் பையனின் பெயர் க்ளோட் டெபுஸ்ஸி, பின்னாளில் பிரான்சின் பெரிய இசையமைப்பாளர் ஆனவர்.

சாய்கோவ்ஸ்கியின் பதில் பணிவாகத்தான் இருந்தது, ஆனால் கறார். உங்களுக்காக எதை வேண்டுமானாலும் செய்வேன், இது மட்டும் என்னால் ஆகாது. பியானோவோடு வயலினோ செல்லோவோ சேர்ந்து ஒலிப்பதை என் காது தாங்காது, இந்த வாத்தியங்களின் நாதம் ஒன்றோடொன்று ஒட்டுவதே இல்லை என்பது அவர் எழுதியதன் சாரம். அப்படிச் சொன்னவர் அடுத்த ஆண்டின் கடைசியில் ஒரு ட்ரையோ எழுத உட்கார்ந்தார். அந்தக் கதைக்கு அப்புறம் வருவோம். முதலில் அவருடைய புகாரைப் பார்ப்போம். ஏனென்றால் புகார் நியாயமானது, பியானோ ட்ரையோவைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் கிடையாது.

பியானோ ட்ரையோ என்றால் பியானோ ஒன்று, வயலின் ஒன்று, செல்லோ ஒன்று. செல்லோ வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியம், உட்கார்ந்துகொண்டு வில்லால் வாசிப்பது, குரல் தணிந்தது. இந்த மூவருக்காக எழுதப்பட்ட படைப்புக்கும் அதே பெயர்தான், வாசிக்கிற குழுவுக்கும் அதே பெயர்தான். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பகுதிகள் இருக்கும். வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று, துள்ளலாக ஒன்று, முடிவாக ஒன்று என்பது போல. முன்னால் நின்று கையசைத்து நடத்துபவர் கிடையாது. ஆளுக்கு ஒரு ஸ்வர வரிசை, ஒரே வரிசையை இரண்டு பேர் வாசிப்பதில்லை. பெரிய அரங்கம் தேவைப்படாத இந்த மாதிரி இசைக்குச் சேம்பர் இசை என்று பெயர்.

சரி, என்ன சிக்கல்? பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தி ஒன்று கம்பியை அடிக்கிறது. அடித்த கணத்தில்தான் சத்தம் அதிகம். அதன்பிறகு கோயில் மணியைப் போலத் தேய்ந்துகொண்டே போகும். வாசிப்பவர் என்ன செய்தாலும் அந்த ஸ்வரத்தைப் பெரிதாக்க முடியாது. வயலினும் செல்லோவும் இதற்கு நேர் எதிர். வில்லை இழுக்கும் வரை ஸ்வரம் நிற்கும், நடுவில் பெரிதாகும், சிறிதாகும், நடுங்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும். பியானோவால் இதெல்லாம் முடியாது. சுருதியும் அப்படித்தான். பியானோவில் ட்யூனிங் செய்பவர் வைத்துவிட்டுப் போன இடம்தான் சுருதி. வயலின்காரர் விரலை மயிரிழை நகர்த்தி ஸ்வரத்தைத் தனக்குப் பிடித்த இடத்தில் வைப்பார், ஆனால் பக்கத்தில் பியானோ இருந்தால் அதற்கு இணங்கித்தான் போக வேண்டும்.

போதாததற்குப் பியானோ தனி ஆளாகவே ஒரு ஆர்க்கெஸ்ட்ரா. பத்து விரல், ஏழு ஸ்தாயிக்கும் மேல். எதிரே இருக்கும் இருவருக்கும் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு ராகக் கோடுதான். இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, ஒரு செல்லோ சேர்ந்த நால்வர் குழுவில் எல்லாமே ஒரே குடும்பத்து வாத்தியங்கள் என்பதால் ஒலி தானாகவே கலந்துவிடும். ட்ரையோவில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு இசையமைப்பாளரும் இந்த மூன்றையும் எப்படி ஒரு கூரையின் கீழ் வைப்பது என்று தாமே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவர்கள் கண்டுபிடித்ததைப் பின்தொடர எனக்குத் தெரிந்த சுலபமான வழி ஒன்று உண்டு. எந்த ட்ரையோவைக் கேட்டாலும், இப்போது செல்லோ என்ன செய்கிறது என்று கவனியுங்கள். வயலினும் பியானோவும் எப்படியும் தங்களைக் கேட்க வைத்துவிடும். எழுதியவரின் மனசு தெரிவது செல்லோவில்தான்.

இடது கையின் நிழல்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசஃப் ஹைடன் நாற்பதுக்கும் மேற்பட்ட ட்ரையோக்கள் எழுதினார். ஆனால் அவை அச்சானபோது அட்டையில் இருந்த பெயர் வேறு: வயலின், செல்லோ துணையுடன் பியானோவுக்கான சொனாட்டாக்கள். சொனாட்டா என்றால் பெரும்பாலும் ஒரு வாத்தியத்தை முன்னிறுத்தும் பல பகுதிப் படைப்பு. துணை என்றால் நிஜமாகவே துணை. ஹைடனின் பெரும்பாலான ட்ரையோக்களில் செல்லோ, பியானோவின் இடது கை வாசிக்கும் அடி ஸ்வரங்களையே திரும்ப வாசிக்கிறது. இதைக் கண்டுதான் பல செல்லோக்காரர்கள் ஹைடன் ட்ரையோ என்றால் முகம் சுளிப்பார்கள்.

இது ஹைடனின் அலட்சியமா? அவர் காலத்துப் பியானோவைக் கேட்டால் அப்படித் தோன்றாது. அதற்கு மரச்சட்டம், மெல்லிய கம்பிகள், தோல் போர்த்திய சின்னச் சுத்திகள், மொத்தம் ஐந்து ஸ்தாயி. எங்கும் தூக்கிக்கொண்டு போகலாம்; 1785-ல் வியன்னாவுக்கு வந்து, இசையமைப்பாளரான மகனோடு தங்கிய லியோபோல்ட் மோட்ஸார்ட், தான் வந்ததிலிருந்து பியானோவைக் குறைந்தது பன்னிரண்டு தடவையாவது வீட்டிலிருந்து அரங்கத்துக்கோ வேறு வீட்டுக்கோ தூக்கிப்போயிருப்பார்கள் என்று மகளுக்கு எழுதினார். இன்றைய கச்சேரிப் பியானோ கிட்டத்தட்ட அரை டன். அந்தப் பழைய வாத்தியத்தில் மேல் ஸ்வரங்கள் மணி மணியாக இருக்கும், கீழ் ஸ்வரங்களோ ஒலித்த வேகத்தில் அணைந்துவிடும். அதே ஸ்வரத்தைச் செல்லோ வில்லால் இழுத்துப் பிடிக்கும்போது அடித்தளம் உறுதியாகிறது. பியானோவின் குறையைச் செல்லோ இட்டு நிரப்பியது. பின்னால் இரும்புச் சட்டமும் தடித்த கம்பிகளும் வந்து பியானோவின் இடது கை இடி மாதிரி முழங்க ஆரம்பித்ததும் அதே செல்லோ வேலையற்றதாகத் தோன்ற ஆரம்பித்தது. அதனால் ஹைடனை முதன்முதலில் கேட்பவர்கள், பழைய வகைப் பியானோவில் வாசித்த பதிவு ஒன்றைத் தேடிக் கேட்பது நல்லது.

இன்னொரு காரணம் சந்தை. வசதியான வீட்டுப் பெண்கள் பியானோவில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள். செல்லோவை முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிப்பது பெண்களுக்கு அழகில்லை என்று கருதிய காலம் அது. வயலினும் செல்லோவும் வீட்டு ஆண்கள் கைக்குப் போயின. கஷ்டமான பகுதி பியானோவுக்கு, மற்ற இருவருக்கும் சுலபமானது என்று எழுதினால்தான் இசைத்தாள் விற்கும். ஹைடனின் மிகச் சிறந்த ட்ரையோக்கள் லண்டன் பெண்களுக்குக் காணிக்கையானவை என்பது தற்செயல் இல்லை. மூன்றை அவர் தெரேஸ் யான்சன் என்ற பியானோ கலைஞருக்கு எழுதினார். 1795-ல் அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டார். வேறு மூன்று ரெபெக்கா ஷ்ரோட்டருக்கு. லண்டனில் ஹைடனிடம் பியானோ கற்ற விதவை அவர். அவர் எழுதிய காதல் கடிதங்களை ஹைடன் தம் நோட்டில் பிரதி எடுத்து வைத்திருந்தார், எனக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்திருந்தால் அவரைத்தான் மணந்திருப்பேன் என்று வயதான காலத்தில் சொன்னார்.

ரெபெக்காவுக்கான அந்த மூன்றில் ஒன்றுதான் 'ஜிப்ஸி' என்ற பட்டப்பெயரோடு உலவும் ஜி மேஜர் ட்ரையோ. (ஜி மேஜர், சி மைனர் என்பவை ஒரு படைப்பு எந்த ஸ்வர வரிசையை ஆதாரமாகக் கொண்டது என்று சொல்லும் பெயர்கள்.) ஆரம்பிப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. மொத்தமே கால் மணி நேரம்தான். முதல் பகுதி சாதுவாக நடக்கும், இரண்டாவதில் நடுவே வயலினுக்கு ஒரு நல்ல பாட்டு கிடைக்கும், மூன்றாவதில் ஹங்கேரி ஜிப்ஸிக் குழுக்களின் பாணியில் தலைதெறிக்க ஓடும். செல்லோ? அடியில் தாளத்தை மிதித்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்திவிட்டால் அந்த ஓட்டம் தரையில் கால் படாத மாதிரி ஆகிவிடும்.

மகன் மோட்ஸார்ட்டிடம் செல்லோ கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறக்கிறது. 1786-ன் பி ஃப்ளாட் மேஜர் ட்ரையோவும் 1788-ன் ஈ மேஜர் ட்ரையோவும் எனக்குப் பிடித்தவை. ஈ மேஜர் ட்ரையோ, அவர் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிய கடைசி மூன்று சிம்ஃபொனிகள் பிறந்த அதே கோடையில் வந்தது. நண்பர் புக்பெர்க்கிடம் கடன் கேட்டு எழுதிய கடிதம் ஒன்றின் கடைசியில், மறுபடி எப்போது உங்கள் வீட்டில் கொஞ்சம் சங்கீதம், புதிதாக ஒரு ட்ரையோ எழுதியிருக்கிறேன் என்று சேர்த்திருக்கிறார் மோட்ஸார்ட். பணக்கஷ்டம், நண்பர் வீடு, புது ட்ரையோ. இந்த இசை புழங்கிய இடம் எது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பேட்ஹோவன் போட்ட கணக்கு

ஓபஸ் என்பது படைப்புகள் அச்சான வரிசையில் கொடுக்கப்படும் எண். இளம் பேட்ஹோவன் அதுவரை எழுதியவற்றில் எதையும் ஓபஸ் 1 ஆக்கியிருக்கலாம். 1795-ல் அவர் அந்த எண்ணைக் கொடுத்தது மூன்று பியானோ ட்ரையோக்களுக்கு. வியன்னாவின் பிரபுக்கள் பலர் முன்பணம் கட்டிப் பெயர் பதிந்து வாங்கினார்கள். புரவலர் லிக்னோவ்ஸ்கி இளவரசருக்குக் காணிக்கை. ட்ரையோ என்றால் வீட்டில் பொழுதுபோக்காக வாசிப்பது என்றிருந்த நேரத்தில், அவர் சிம்ஃபொனியைப் போல நான்கு பகுதிகளோடு வந்தார்.

மூன்றாவது ட்ரையோ சி மைனர், ஆவேசமானது. அதை மட்டும் அச்சிட வேண்டாம் என்று ஹைடன் சொன்னதாகவும், தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார் என்று பேட்ஹோவன் நினைத்ததாகவும் அவருடைய மாணவர் ரீஸ் எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் ஹைடன் பெரும்பாலும் லண்டனில் இருந்தார் என்பதால் தேதிக் கணக்கு கொஞ்சம் இடிக்கிறது. இருந்தாலும் சி மைனரைக் கேட்ட பிறகு, ஹைடன் அப்படிச் சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை என்றுதான் தோன்றும். வீட்டில் விருந்தாளிகள் முன்னால் வாசிக்கிற சமாச்சாரம் இல்லை அது.

1808-ல் எழுதிய டி மேஜர் ட்ரையோவின் நடுப்பகுதிக்காக அதற்கு 'பேய்' என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவர் பேட்ஹோவன் இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகத்து ஹாம்லெட்டின் தந்தையின் ஆவி நினைவுக்கு வருகிறது என்று அவருடைய மாணவர் செர்னி பின்னால் சொன்னதிலிருந்து ஒட்டிக்கொண்டது. வயலினும் செல்லோவும் தணிந்த குரலில் சில நீண்ட ஸ்வரங்களைச் சேர்ந்து வாசிக்க, பியானோ ஒரு சின்ன முனகலில் பதில் சொல்லும். அப்புறம் பியானோவின் கீழ் ஸ்தாயியில் ஸ்வரங்கள் கடகடவென்று நடுங்க ஆரம்பிக்கும். இங்கே பேட்ஹோவன் மூன்று வாத்தியங்களையும் கலக்க முயலவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இழுக்கிற ஒலி ஒரு பக்கம், அடிக்கிற ஒலி இன்னொரு பக்கம். அந்த இடைவெளிதான் பயத்தை உண்டாக்குகிறது.

1811-ல் எழுதிய பி ஃப்ளாட் மேஜர் ட்ரையோவில் நேர் எதிரான உத்தி. அவருடைய மாணவரும் ஆதரவாளருமான ருடால்ஃப் இளவரசருக்குக் காணிக்கை ஆக்கியதால் அதை 'ஆர்ச்டியூக்' என்பார்கள். முதல் பகுதியின் நடுவில் ஒரு இடம் வரும். வயலினும் செல்லோவும் வில்லை ஒதுக்கிவிட்டு விரலால் தந்தியைச் சுண்டுகின்றன, பியானோ அதே மாதிரி தெறிப்பாக வெட்டி வெட்டி வாசிக்கிறது. சுண்டிய தந்தி ஒலித்ததும் அணைந்துவிடும் இல்லையா? அதாவது தந்தி வாத்தியங்கள் இரண்டும் கொஞ்ச நேரத்துக்குப் பியானோவாகவே மாறிவிடுகின்றன. ஒட்டாது என்று சாய்கோவ்ஸ்கி சொன்ன ஒலிகள் அங்கே எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒட்டிக்கொள்கின்றன. இரண்டாம் பகுதியையோ செல்லோ தனியாகவே ஆரம்பிக்கிறது, வயலின் அதற்குப் பதில் சொல்கிறது, பியானோ காத்திருக்கிறது. ஹைடன் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காட்சி.

இதன் முதல் பொது அரங்கேற்றம் 1814 ஏப்ரல் 11 அன்று, வியன்னாவின் ஒரு ஹோட்டலில். பியானோ வாசித்தவர் பேட்ஹோவன்தான், காது பெரும்பாலும் கேட்காத நிலையில். அந்தக் காலத்தில் அவர் வீட்டில் நடந்த ட்ரையோ ஒத்திகை ஒன்றுக்குப் போயிருந்த ஸ்போர் என்ற வயலின் கலைஞர், பார்த்ததைப் பிறகு எழுதிவைத்தார். பியானோவின் சுருதி படுமோசம், ஆனால் அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, ஏனென்றால் அது அவர் காதில் விழவில்லை. சத்தமாக வாசிக்க வேண்டிய இடத்தில் கம்பிகள் கிணுகிணுக்கும்படி அடித்தார். மெல்ல வாசிக்க வேண்டிய இடத்தில் எவ்வளவு மெல்லத் தொட்டாரென்றால் கொத்துக் கொத்தாக ஸ்வரங்கள் ஒலிக்கவே இல்லை. அந்த அரங்கேற்றத்துக்குப் பிறகு அவர் மேடையில் பியானோ வாசித்தது மிக அரிது.

(ஏப்ரல் 11 என்ற தேதியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.)

செல்லோ பாட ஆரம்பிக்கிறது

ஷூபர்ட்டின் இரண்டு பெரிய ட்ரையோக்களும் அவருடைய கடைசி ஆண்டுகளில் வந்தவை. இரண்டாவதான ஈ ஃப்ளாட் மேஜர், ஓபஸ் 100, 1827 நவம்பரில் எழுதியது. அதன் இரண்டாம் பகுதியைப் பெயர் தெரியாமலேயே நீங்கள் கேட்டிருக்கக்கூடும். பியானோ சீராக நடை போடுகிறது, அந்த நடையின் மேல் செல்லோ ஒரு பாட்டை எடுக்கிறது. வியன்னாவுக்கு வந்திருந்த பெர்க் என்ற ஸ்வீடன் பாடகரிடம் ஷூபர்ட் கேட்ட, சூரியன் மறைவதைப் பற்றிய ஸ்வீடிஷ் பாட்டிலிருந்து உருவான மெட்டு அது. கொஞ்ச நேரம் கழித்து வேலைகள் இடம் மாறும். பாட்டு பியானோவுக்குப் போகும், நடையைத் தந்திகள் எடுத்துக்கொள்ளும். கடைசிப் பகுதியில், எல்லாம் உற்சாகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, அந்தப் பாட்டு சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வரும். வருவதும் செல்லோவில்தான்.

ஷூபர்ட்டின் விடை எளிமையானது. பியானோவால் ஒரு ஸ்வரத்தை நிறுத்திப் பிடிக்க முடியாது, சரி, அதை அது செய்ய வேண்டாம். அது நடக்கட்டும், துடிக்கட்டும், மினுங்கட்டும். பாடுவதைத் தந்திகள் பார்த்துக்கொள்ளும். முதலாவதான பி ஃப்ளாட் ட்ரையோவின் ஆரம்பத்தில் வயலினும் செல்லோவும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒரே மெட்டைச் சேர்ந்து பாட, பியானோ அடியில் துள்ளிக்கொண்டிருப்பதும் இதே யோசனைதான். பியானோவுக்கே பாட்டு வரும்போது இரண்டு கையும் மேல் ஸ்தாயியில் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி விட்டு வாசிக்கும். அந்த ஒலி ஷூபர்ட்டின் கையெழுத்து மாதிரி, இரண்டு தடவை கேட்டால் பிடிபட்டுவிடும்.

ஷூபர்ட் தம் படைப்புகளை மட்டுமே வைத்து நடத்திய ஒரே பொதுக் கச்சேரி 1828 மார்ச் 26 அன்று, பேட்ஹோவன் இறந்து சரியாக ஒரு வருஷம் ஆன நாளில். ஈ ஃப்ளாட் ட்ரையோதான் அதன் நடு நாயகம். பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை, அதே வாரம் வயலின் மேதை பகனீனி வியன்னாவில் முதல் கச்சேரி செய்தார், ஊரே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. யாருக்குக் காணிக்கை என்று பதிப்பாளர் கேட்டபோது, யாருக்கும் இல்லை, இதைப் பிடிக்கிறவர்களுக்கு மட்டும் என்று ஷூபர்ட் பதில் எழுதினார். அந்த நவம்பரில் இறந்துபோனார், வயது 31.

மென்டல்சன் 1839-ல் எழுதிய டி மைனர் ட்ரையோவில் முதல் வரியே செல்லோவுக்கு. பியானோ அடியில் தவிப்பாகத் தட்டிக்கொண்டிருக்க, செல்லோ நீளமான ஒரு மெட்டோடு திறக்கிறது. நண்பர் ஹில்லர் முதல் வடிவத்தைப் பார்த்துவிட்டு, பியானோ வரிசை பழைய பாணியில் இருக்கிறது, ஷோப்பான், லிஸ்ட் போன்ற பியானோ மேதைகள் வந்த பிறகு இப்படி எழுதலாமா என்று விடாமல் நச்சரித்தார். மென்டல்சன் உட்கார்ந்து பியானோவை முழுக்க மாற்றி எழுதினார். இன்று அதில் கேட்கிற, நீர்வீழ்ச்சி மாதிரி கொட்டுகிற பியானோ அப்படி வந்தது. ஒரு ஸ்வரம் தேய்ந்துவிடுகிறதா, அது தேய்வதற்குள் இருபது ஸ்வரத்தைக் கொட்டு என்பது அவருடைய விடை. இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் இதைக் கேட்டுவிட்டு மென்டல்சனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மோட்ஸார்ட் என்று புகழ்ந்தார்.

அடுத்து வந்த 1840-களில்தான் இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு ட்ரையோ எழுதினார்கள், இரண்டும் நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்தன. மென்டல்சனின் அக்கா ஃபானி ஹென்செல், பெர்லினில் தம் வீட்டில் நடத்திவந்த ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகளுக்குப் பேர் போனவர். டி மைனர் ட்ரையோவைத் தங்கை ரெபெக்காவின் பிறந்தநாள் பரிசாக எழுதி, அந்தப் பிறந்தநாளிலேயே வாசித்தார்: 1847 ஏப்ரல் 11. அடுத்த மாதம், அதே ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி ஒன்றுக்கான ஒத்திகையின்போது பக்கவாதம் தாக்கி இறந்தார். ட்ரையோ 1850-ல்தான் அச்சேறியது. தம்பியின் டி மைனரைவிட இதில் அலைச்சல் அதிகம். பியானோ ஆரம்பத்திலிருந்தே கொந்தளித்துக்கொண்டிருக்கும். தம்பியினுடையது மெருகு கூடியது என்பது உண்மை. இரண்டில் ஒன்றைத் திரும்பக் கேட்கச் சொன்னால் நான் அக்காவினுடையதைத்தான் எடுப்பேன்.

க்ளாரா ஷூமனின் ஜி மைனர் ட்ரையோ 1846-ல் ட்ரெஸ்டனில் எழுதியது. வீட்டில் அப்போது நான்கு குழந்தைகள். கணவர் ராபர்ட் தமது முதல் பியானோ ட்ரையோவை அடுத்த வருஷம்தான் எழுதினார். அதைக் கேட்ட பிறகு தன்னுடையது பெண்தனமாகவும் உருக்கம் மிகுந்ததாகவும் படுகிறது என்று டயரியில் குறித்துக்கொண்டார் க்ளாரா. அது அவர் தமக்கே செய்துகொண்ட அநியாயம். அதன் கடைசிப் பகுதியில் ஒரு குரலை இன்னொரு குரல் துரத்திக்கொண்டு வரும் இடத்தைக் கேட்டுவிட்டு, ஒரு பெண் இவ்வளவு உறுதியாக எழுதியிருப்பார் என்று நம்ப மறுத்தான் சிறுவன் யோவாகிம், பிற்காலத்தில் வயலின் மேதை ஆனவன். மென்டல்சன் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். க்ளாராவுக்கு யோவாகிமே பின்னால் எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது.

ப்ராம்ஸைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே ஒன்று மட்டும். அவருடைய முதல் ட்ரையோ, பி மேஜர், ஓபஸ் 8, எழுதும்போது வயது இருபதுதான். பியானோ தொடங்கி வைக்க, செல்லோ அகலமான ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு போகும். முதல் அரை நிமிடத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். 35 வருஷம் கழித்து, 1889-ல், அதைத் திரும்ப எடுத்துப் பெரும்பகுதியை வெட்டிப் புதிதாக எழுதினார். விக் வைக்கவில்லை, தலையைக் கொஞ்சம் வாரிவிட்டேன் என்று நண்பருக்கு எழுதியது அவருடைய குறும்பு. இன்று மேடையில் கேட்பது கிட்டத்தட்ட எப்போதும் இரண்டாவது வடிவம்தான். இளைஞனின் மெட்டும் முதியவரின் கத்திரியும் ஒரே படைப்பில் கிடைப்பது அபூர்வம்.

சாவும் ட்ரையோவும்

இப்போது சாய்கோவ்ஸ்கிக்குத் திரும்புவோம். 1881 மார்ச்சில் பாரிஸில் நிகோலாய் ரூபின்ஸ்டைன் இறந்தார். மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியை நிறுவியவர், சாய்கோவ்ஸ்கியை அங்கே ஆசிரியராக்கியவர், அபாரமான பியானோ கலைஞர். அவர் நினைவாக எழுதுவதென்றால் பியானோ இல்லாமல் முடியாது. தனிப் பியானோ என்றால் போதாது, ஆர்க்கெஸ்ட்ரா என்றால் ஆடம்பரம். வேறு வழியில்லாமல் தமக்குப் பிடிக்காத அதே கூட்டணிக்கு வந்தார். ரோமில் தங்கியிருந்தபோது 1882 தொடக்கத்தில் எழுதி முடித்த ஏ மைனர் ட்ரையோவின் தலைப்பில், மாபெரும் கலைஞர் ஒருவரின் நினைவுக்கு என்று இருக்கிறது. முதல் மெட்டை எடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? செல்லோ.

ஒட்டாத ஒலிகளை அவர் எப்படிச் சமாளித்தார் என்றால், ஒட்ட வைக்கவே இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒற்றை வாத்தியம் மோதும் கான்செர்ட்டோவில் போலப் பியானோ முழங்குகிறது, தந்திகள் அதன் எதிரே நின்று கதறுகின்றன. இரண்டாம் பகுதி ஒரே மெட்டின் பல மாறுவேடங்கள். ஒன்று வால்ட்ஸ் நடனம், ஒன்று மஸூர்க்கா நடனம், ஒன்று இசைப்பெட்டி போல. முடிவில் முதல் மெட்டே இறுதி ஊர்வலமாகத் திரும்பி வரும். சில இடங்களில் அதிகப்படி என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் ரஷ்யாவில் இது ஒரு வழக்கத்தையே உண்டாக்கிவிட்டது. 1893-ல் சாய்கோவ்ஸ்கி இறந்தபோது இருபது வயது ரஹ்மானினாவ் அவர் நினைவாக ஒரு ட்ரையோ எழுதினார். அரென்ஸ்கி ஒரு செல்லோ கலைஞரின் நினைவாக எழுதினார். 1944-ல் நண்பர் சொல்லெர்டின்ஸ்கி இறந்தபின் ஷோஸ்டகோவிச் முடித்த ஈ மைனர் ட்ரையோவின் தொடக்கத்தில், செல்லோ தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் விசில் போன்ற ஸ்வரங்களில் தனியாக ஆரம்பிக்கும். அடுத்து வரும் வயலின் அதைவிடக் கீழே ஒலிக்கும், பியானோ எல்லோருக்கும் கீழே. ஹைடன் அடித்தளத்தில் வைத்த வாத்தியம் 150 வருஷத்தில் உச்சிக்குப் போய்விட்டது.

செக் நாட்டு ஸ்மெட்டனாவின் ஜி மைனர் ட்ரையோவும் துக்கத்தில் பிறந்ததுதான். 1855-ல் நான்கு வயது மகள் இறந்த பிறகு எழுதியது. அதை வயலின் தன் மிகத் தடித்த தந்தியில் தனியாகத் தொடங்குகிறது. அதே நாட்டு த்வோர்ஷாக்கின் 'டும்கி' ட்ரையோ வேறு சுபாவம். வழக்கமான நான்கு பகுதிக் கட்டுமானத்தை விட்டுவிட்டு ஆறு டும்காக்களை வரிசையாக அடுக்கினார். டும்கா என்பது ஸ்லாவ் நாடுகளின் ஒரு வகைப் புலம்பல் பாட்டு. கண்ணீரோடு போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று எழுந்து ஆட ஆரம்பித்துவிடும். 1891-ல் ப்ராகில் த்வோர்ஷாக்கே பியானோ வாசிக்க அரங்கேறியது. தேதி? ஏப்ரல் 11. ஆர்ச்டியூக், ஃபானியின் ட்ரையோ, டும்கி, மூன்றுக்கும் ஒரே நாள். ஒரு அர்த்தமும் இல்லை, ஆனால் தெரிந்துகொண்டால் மறக்காது.

மேடையில்

கச்சேரிக்குப் போக வாய்த்தால் ஒன்றிரண்டு விஷயம். பெரும்பாலும் வயலின் இடப்பக்கம், செல்லோ வலப்பக்கம், இருவருக்கும் பின்னால் பியானோ. பியானோ வாசிப்பவர் முன்னால் இருக்கும் தாளில் மூவரின் வரிசையும் அச்சாகியிருக்கும், மற்ற இருவருக்கும் தங்களுடையது மட்டும்தான். அதனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று முழுசாகத் தெரிந்தவர் பியானோக்காரர் ஒருவர்தான், ஆனால் முதுகைப் பார்த்துத்தான் அவர் வாசிக்க வேண்டும். மூவரும் சேர்ந்து தொடங்குவது மூச்சில்: வயலின்காரர் மூக்கால் ஒரு மூச்சை இழுப்பது முன்வரிசைக்குக் கேட்கும். பியானோவின் மூடியை முழுதாகத் திறப்பதா, பாதியா என்பதில் குழுவுக்குக் குழு சண்டை உண்டு. முழுதாகத் திறந்தும் செல்லோவை மூழ்கடிக்காமல் வாசிப்பவர்தான் நல்ல ட்ரையோ பியானோக்காரர் என்பது என் அளவுகோல். பகுதிகளுக்கு நடுவே கைதட்டாமல் இருப்பது இப்போதைய வழக்கம்.

பதிவுகளில் இரண்டு ரகம். தனித்தனியாகப் புகழ்பெற்ற மூவர் சேர்ந்து வாசிப்பது ஒன்று. கோர்ட்டோ, திபோ, கஸால்ஸ் மூவரும் 1926-ல் பதிவு செய்த ஷூபர்ட் பி ஃப்ளாட், கரகரப்பையும் மீறி இன்றும் இனிக்கும். வாழ்நாள் முழுக்க ட்ரையோவே தொழிலாக வைத்த குழு இன்னொன்று. 1955-ல் தொடங்கி 2008 வரை நீடித்த போ ஆர்ட்ஸ் ட்ரையோவில் வயலினும் செல்லோவும் பல முறை கை மாறின, பியானோவில் கடைசி வரை மெனஹெம் ப்ரெஸ்லர்தான். ஹைடனின் ட்ரையோக்கள் அனைத்தையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

எதில் தொடங்குவது? ஹைடனின் ஜிப்ஸியில் தொடங்குங்கள். அப்புறம் ஷூபர்ட் ஈ ஃப்ளாட்டின் இரண்டாம் பகுதியை மட்டும். அது பிடித்துப்போனால் மென்டல்சன் டி மைனர் முழுசாக, உடனே அக்காவினுடையது. டும்கியை எந்த மனநிலையிலும் கேட்கலாம், ஆறில் எதில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆர்ச்டியூக்கை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், முதல் முறை அது சும்மா அமைதியாகப் போவது போலத் தெரியும். சாய்கோவ்ஸ்கியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும், நடுவில் எழுந்து போகவும் விடாது.